நாலாம் தூணின் விக்கல்

மணியாத்துப் பாலத்தோட நாலாம் தூணுக்கு விக்கல் எடுத்தது ஒரு வைகாசி மாசம், செவ்வாக்கிழமை, மத்தியானம் ரெண்டே கால் மணிக்கு. நம்புறவங்க உக்காந்து கேளுங்க, நம்பாதவங்க எந்திரிச்சுப் போய் அந்தத் தூண்கிட்டயே கேட்டுக்குங்க, அது அங்கதான் நிக்குது, எங்கயும் ஓடிப் போயிடல. என் பேரு தையல்நாயகி, ஊரு வடகரை நத்தமேடு, பாலம் கட்டுனப்ப நான் பார்த்த வேலை தூணுக்குத் தண்ணி காட்டுறது. சிரிக்காதீங்க. கான்கிரீட்டு ஊத்தி இறுகுன தூணைச் சாக்கால சுத்திக் கட்டி, காலையில, உச்சிப் பொழுதுல, சாயங்காலம்னு ஓஸ் பைப்பால நனைச்சுக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி வெயிலுக்கு வெடிச்சுப் போகும். மாட்டுக்குத் தண்ணி காட்டுற மாதிரிதான், என்ன, மாடு வேணாம்னா தலையத் திருப்பிக்கும், தூணு திருப்பாது.

மொத்தம் எட்டுத் தூணு. ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் வடகரைப் பக்கம், அதுக்கு நான். அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் தென்கரைப் பக்கம், அதுக்கு என் கூடப் பொறந்த அக்கா செங்கமலம். கோடையில எங்க ஆத்துல தண்ணி கிடையாது, வெறும் மணலு, நான் மூணாம் தூண்ல நின்னு பார்த்தா அஞ்சாம் தூண்ல அவ ரவிக்கையில குத்தியிருக்கிற ஊக்கு வரைக்கும் தெரியும், ஆனா பதினோரு வருஷமா எனக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அவ ஓஸ் பைப்பைப் பார்த்துப் பேசுவா, நான் என் ஓஸ் பைப்பைப் பார்த்துப் பதில் சொல்லுவேன், நடுவுல காத்து பாவம் அங்கயும் இங்கயும் ஓடும்.

சண்டை எதுக்குன்னு கேக்குறீங்களா? எங்க அம்மா செத்தப்ப விட்டுட்டுப் போன சொத்து ரெண்டே ரெண்டு. ஒரு மூக்குத்தி, ஒரு அம்மி. மூக்குத்தி எனக்குன்னு அம்மா சொல்லியிருந்துச்சு, ஆனா அது ஆத்துல குளிக்கிறப்ப விழுந்துடுச்சுன்னு அக்கா சொன்னா, சரி, ஆறு கேட்டுச்சு வாங்கிக்கிச்சுன்னு நானும் மனச ஆத்திக்கிட்டேன். அம்மி அவளுக்கு. அவ புருஷன் அதை மாட்டு வண்டியில ஏத்துறப்ப எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம், மூக்குத்தியும் போச்சு அம்மியும் போகுதேன்னு, வண்டிக்காரன் மாட்டுக்கு வைக்கோல் அள்ளிப் போடத் திரும்புன நேரத்துல குழவிய மட்டும் உருவி எடுத்து நெல்லுக் குதிருக்குள்ள போட்டுட்டேன். அவ ஊருக்குப் போய் இறக்கிப் பார்த்தா குழவியக் காணோம். அடுத்த நாளே வந்து கேட்டா. நான் எடுக்கலன்னேன். பிடாரியம்மன் கோயில்ல சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுடின்னா. பண்ணிட்டேன்.

அதுதாங்க நான் செஞ்ச தப்பு. குழவியத் திருப்பிக் கொடுத்துடலாம், அணைச்ச சூடத்தைத் திருப்பிப் பத்த வைக்க முடியுமா? அன்னையிலேர்ந்து அவ வீட்டுல குழவி இல்லாத அம்மி, என் வீட்டுல அம்மி இல்லாத குழவி. அவ சோடா பாட்டிலை வச்சு மிளகா உருட்டுனா. நான் கதவைச் சாத்திக்கிட்டு, துணி துவைக்கிற கல்லுல அந்தக் குழவியப் போட்டு அரைச்சேன். பதினோரு வருஷம் எங்க வீட்டு மீன் குழம்புல சோப்பு வாசனை அடிச்சுது. என் புருஷன் ஒரு வார்த்தை கேக்கல, அவருக்கு மூக்கு வேலை செய்யுதான்னே எனக்கு இன்னைக்கு வரைக்கும் சந்தேகம்.

இந்த லட்சணத்துல பாலம் வருது. மழைக்காலத்துல தென்கரைக்குப் போகணும்னா முப்பத்தெட்டு கிலோமீட்டர் சுத்து, பிரசவ வலி எடுத்தவ போற வழியிலயே பெத்துடுவா, அதனால பாலம்னதும் ரெண்டு கரையும் வெடி போட்டுக் கொண்டாடுச்சு. நானும் கொண்டாடுனேன், அக்கா அவ ஓஸ் பைப்பைப் பார்த்து ஒரு நாள் இதைச் சொல்ற வரைக்கும்: “கோடையில மணல்ல கால் புதையப் புதைய நடந்து போய் நிக்க நான் என்ன பிச்சைக்கா போறேன்? பாலம் வரட்டும். மொத பஸ்ல ஏறி, மகராசியாட்டம் அவ வாசல்லயே இறங்கி, பானை சட்டி, குதிரு, பரணு ஒண்ணு விடாம சோதனை போடுறேனா இல்லையான்னு பாரு.”

அப்பவே ஏழு தூணு முடிஞ்சுபோச்சு, பாக்கி நாலாம் தூணு ஒண்ணுதான்.

குழவிய எங்க ஒளிப்பேன்? கிணத்துல போட்டா தூர் வாரறப்ப வந்துடும், ஆத்துல போட்டா மணல் அள்ளுறவன் கொண்டாந்து வாசல்ல போட்டுட்டு டீ காசு கேப்பான். யோசிச்சு யோசிச்சு, எனக்கு நானே சொல்லிக்கிட்ட புத்திசாலித்தனம் இருக்கே, அதை இன்னைக்கு நினைச்சாலும் செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்கு. நாலாம் தூணுக்கு இரும்புக் கம்பி கட்டி, சுத்தி தகடு அடைச்சு, அன்னைக்குக் காலையிலதான் கான்கிரீட்டு ஊத்த ஆரம்பிச்சாங்க. கரையில பம்பு நிக்குது, அதோட வாய்த்தொட்டியில மிக்சர் லாரி கொட்டுது, பம்பு அதை முழுங்கி பைப்பு வழியா ஒரு பர்லாங்கு மணலைத் தாண்டி, தூணு உச்சிக்கு ஏத்தி உள்ள துப்புது. மத்தியானம் எல்லாரும் புளியமரத்து நிழல்ல சாப்பிட உக்காந்த நேரம், நான் தண்ணி ஊத்தப் போறவ மாதிரி சாரத்துல ஏறி, மடியில கட்டியிருந்த குழவிய எடுத்து, பாதி நிரம்புன தூணுக்குள்ள போட்டேன். சத்தமே இல்லாம உள்ள போயிடுச்சு. இறங்கி வந்து ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். பதினோரு வருஷத்துல அன்னைக்குத்தான் எனக்குச் சோறு ருசிச்சுது.

பம்பு ஓட்டுறவரு பேரு குழந்தைவேலு, சங்ககிரிப் பக்கம், மனுஷன், மாடு, மெஷினு எல்லாத்துக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாரு. ரெண்டே கால் மணிக்கு அவரு மறுபடி பம்பைத் தட்டிவிட்டாரு. பத்துத் தள்ளு தள்ளுச்சு. பதினோராவது தள்ளுக்கு தூணு, “விக்!” அப்படின்னுச்சு. ஒரு பர்லாங்கு பைப்பும் பாம்பு துள்ளுற மாதிரி துள்ளி விழுந்துது, போன கான்கிரீட்டு போன வழியிலயே திரும்பி வந்து, வாய்த்தொட்டியிலேர்ந்து எகிறி, குழந்தைவேலு வெள்ளைச் சட்டை மேல அப்பிக்கிச்சு.

“ஏனுங்க, இதுக்கு விக்கலுங்க,” அப்படின்னாரு குழந்தைவேலு, முகத்தைத் துடைச்சுக்கிட்டு.

எஞ்சினியர் ஹாஜா முகைதீன் தம்பி ஓடி வந்துச்சு. இருவத்தாறு வயசுப் புள்ள, மொத பாலம், பாலத்தைப் பத்திப் பேசுனா கண்ணு கலங்கிடும், இந்தப் பாலத்துக்கு ஆயுசு நூறு வருஷம்னு வரைபடத்துல போட்டிருக்குன்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியும். பைப்பைப் பார்த்துச்சு, பம்பைப் பார்த்துச்சு, பம்பை நிறுத்தச் சொல்லிச்சு. பம்பு நின்னுச்சு, விக்கல் நிக்கல. நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு, கடிகாரம் வச்ச மாதிரி, விக், விக், விக்.

ஊர்ல யாரும் ஆச்சரியப்படல. ஏன் படணும்? ரெண்டு வாரத்துக்கு முந்தியே தென்கரையில ஏழாம் தூணுக்குத் தும்மல் வந்துடுச்சு. தினம் காலையில ஒரு தும்மல், சாயங்காலம் ஒரு தும்மல், அதுல சாக்கெல்லாம் பறந்து போய் கரும்புக் கொல்லையில விழும். தென்கரைக்காரங்க குழந்தை தும்முனா சொல்ற மாதிரி “நூறு!”ன்னு சொல்லிட்டு அவங்க வேலையப் பார்த்தாங்க. தூணுன்னா நெட்டையா ஆத்துக்குள்ளயே நிக்குது, சளி பிடிக்காதா? அதே மாதிரி, அவசரமா ஊத்துனா விக்காதா? “உங்க வீட்டுப் புள்ளைக்கு இப்படித்தான் சோறு ஊட்டுவீங்களா, தம்பி?”ன்னு ஹாஜாவைத்தான் எல்லாரும் திட்டுனாங்க.

ஒரே நாள்ல ஊரு அதுக்குப் பழகிடுச்சு. ரெண்டு விக்கலுக்கு முட்டை வெந்துச்சு, அஞ்சு விக்கலுக்குச் சோறு வெந்துச்சு, டவுன் பஸ்காரரு “மூணாவது விக்கலுக்கு வண்டிய எடுத்துடுவேன், அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது”ன்னு சத்தம் போட்டாரு. பெரியவங்க ஒவ்வொரு விக்கலுக்கும் “யாருப்பா அங்க தூணை நினைக்கிறது?”ன்னாங்க. நான் தலையக் குனிஞ்சுக்குவேன். நான்தானே நினைச்சேன், வேற யாரு?

புதன்கிழமை வைத்தியம் ஆரம்பிச்சுது. விக்கலுக்கு மூச்சு விடாம ஒம்போது முழுங்கு தண்ணி குடிக்கணும்னு பஞ்சாயத்துத் தலைவரம்மா சொல்ல, நான் சாரத்துல ஏறி ஒம்போது குடம் ஊத்துனேன். நிக்கல. மூச்சை அடக்கணும்னு தார்ப்பாயைப் போட்டு உச்சிய மூடுனாங்க, விக்குன விக்குல தார்ப்பாயி பறந்து பனமரத்துல மாட்டிக்கிச்சு. அப்புறம் தலைவரம்மாவே ரேஷன் கடையிலேர்ந்து அரை மூட்டை சர்க்கரையத் தூக்கிட்டு வந்து, “நாக்குக்கு அடியில சர்க்கரை வச்சா நின்னுடும், இதுக்கு நாக்கு எங்க இருக்குன்னு தெரியல, மொத்தமா போடுங்க”ன்னு போட வச்சிட்டாங்க.

ஹாஜா தம்பி வந்து பார்த்து, தலையில கை வச்சுக்கிட்டு மணல்லயே உக்காந்துடுச்சு. “சர்க்கரை சேர்ந்தா கான்கிரீட்டு இறுகாதும்மா! நாள்கணக்குல கூழாவே கிடக்கும்மா! இதைப் படிக்கிறதுக்குத்தான் நான் நாலு வருஷம் காலேஜுக்குப் போனேன்.”

“படிச்சது நல்லதாப் போச்சு, இப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கே,”ன்னாங்க தலைவரம்மா. மறுநாள் விடியுறப்ப நாலாம் தூணுக்கு எறும்பு வரிசை கட்டிடுச்சு.

சர்க்கரை போட்ட அன்னைக்கே ஹாஜாவுக்குப் போன் வந்துச்சு, மேல இருக்குற ஆபீசர்கிட்டேர்ந்து. அணை திறக்க இன்னும் பதினஞ்சு நாளுதான் இருக்கு, ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தத் தூணு நல்லபடியா நிரம்பணும், இல்லன்னா திங்கட்கிழமை மெஷினு வச்சு உடைச்சு, உள்ள என்ன அடைச்சிருக்குன்னு பார்த்துடுங்கன்னு உத்தரவு. தம்பி அழுகுற மாதிரி அதைச் சொல்லுச்சு. நான் நிஜமாவே அழுதுட்டேன். ஊரே என்னைப் பார்த்து, “பாவம், தண்ணி ஊத்தி வளர்த்தவ இல்ல, பாசம்”னாங்க. உடைச்சா உள்ள இருந்து குழவி வரும். அதோட தலைமாட்டுல அம்மா பேரைக் கொத்தியிருக்கும், பொன்னம்மாள்னு. என் அக்கா என் முகத்துல காறித் துப்பிட்டு இந்த ஜென்மத்துல என்னைப் பாக்க மாட்டா. ஓஸ் பைப்பைப் பார்த்துப் பேசுறாளே, அது கூட இருக்காது. இவ்வளவு நாளும் எனக்குப் பயம் அவ வந்துடுவாளோன்னு, அந்த நிமிஷம்தான் தெரிஞ்சுது, அவ வராமலே போயிடுவாளோங்கிறதுதான் என் பயமே.

வியாழக்கிழமை குழந்தைவேலு கடைசி வைத்தியத்தைச் சொன்னாரு. “ஏனுங்க, எங்கூர்ல விக்கல் நிக்கலீன்னா, திடீர்னு எதிர்க்க நின்னு ‘நீ திருடிட்டியாமே’ம்போமுங்க. நானா, நான் எங்க திருடுனேன்னு பதறுவாங்க பாருங்க, அந்தப் பதட்டத்துல நின்னுடுமுங்க.”

எங்க ஊர்லயும் அதேதான். எல்லா ஊர்லயும் அதேதான். உடனே வரிசை கட்டிட்டாங்க. ஒருத்தரு போய் தூணு முன்னாடி இடுப்புல கை வச்சுக்கிட்டு, “ஏய், என் சேவலைத் திருடுனது நீதானே?”ன்னாரு. விக். இன்னொரு அம்மா, “என் பித்தளைச் செம்பை நீதானே எடுத்தே? உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே!” விக். சைக்கிள் மணி, பால் குண்டான், கல்யாண வீட்டுல காணாமப் போன செருப்பு, ஒரு ஆளு போன தேர்தல்ல அவருக்கு விழ வேண்டிய நூத்திப் பதிமூணு ஓட்டையும் கேட்டாரு. ஊர்ல முப்பது வருஷமா காணாமப் போனதெல்லாம் அந்தத் தூணு தலையில விழுந்துச்சு. தூணு எதுக்கும் பதறல. அது பாட்டுக்கு விக்கிக்கிட்டே நின்னுச்சு.

ஆனா வெள்ளிக்கிழமை காலையில போய்ப் பார்த்தா, தூணு அடியில அந்தப் பித்தளைச் செம்பு இருக்கு.

கூடவே சைக்கிள் மணி. பால் குண்டான். ஜோடி மாறாம அந்தச் செருப்பு. எடுத்தவங்க எல்லாம் கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டாங்க, ஏன் வைக்க மாட்டாங்க, திருட்டுப் பட்டத்தைத் தூணு வாங்கிக்கிச்சே! பொருளுக்காரங்க வந்து, “எடுத்தாலும் திருப்பிக் கொடுத்துடுச்சு, நல்ல தூணு”ன்னு தட்டிக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போனாங்க. சனிக்கிழமை இன்னும் குவிஞ்சுது. ஒரு மண்வெட்டி, ரெண்டு வெள்ளாடு, கோயில் உண்டியல் சாவி, ஒரு ஆட்டுரலே வந்து உக்காந்திருந்துச்சு. ஸ்டேஷன்லேர்ந்து ஏட்டய்யா வந்து முறைப்படி நோட்டுல எழுதுனாரு. எதிரி பேரு தூண் எண் நாலு. வயசு அஞ்சு நாள். தகப்பன் பேருன்னு எழுதி, ஹாஜா முகைதீன்னு போட்டாரு.

“சார், எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்,”னு தம்பி பதறுச்சு.

“அதைக் கோர்ட்டுல சொல்லு,”ன்னாரு ஏட்டய்யா.

எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு மட்டும் நெஞ்சு எரிஞ்சுது. நாலே நாலு நாளு, நாலு நாளு பொறுத்திருந்தேன்னா நானும் அந்தக் குழவியக் கொண்டாந்து அந்தச் செம்புக்கும் செருப்புக்கும் நடுவுல வச்சிட்டு, கையத் தட்டிட்டுப் போயிருப்பேன். ஊருல இருக்குற திருடன் எல்லாம் யோக்கியனாயிட்டான், நான் ஒருத்தி மட்டும் திருட்டுச் சாமானைத் தொண்டைக்குள்ள திணிச்சிட்டு நிக்கிறேன். என் தொண்டைக்குள்ள கூட இல்ல, ஒரு வாயில்லாத தூணோட தொண்டைக்குள்ள.

ஞாயித்துக்கிழமை தென்கரைக்காரங்க வந்தாங்க. செய்தி போயிடுச்சுல்ல, காணாமப் போனது கிடைக்கும்னு. காலை வெயில்ல கூட்டமா மணல்ல நடந்து வராங்க, கூட்டத்துக்குப் பின்னாடி, புடவையக் கணுக்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கிட்டு, மணல்ல காலு புதையப் புதைய என் அக்கா செங்கமலம் வரா. பாலம் வந்தாதான் வருவேன்னவ. பதினோரு வருஷமா வராதவ. தலை பாதி நரைச்சிருக்கு, அது அக்கரையிலேர்ந்து தெரியல.

வரிசையில நின்னா. நான் மூணாம் தூணு சாக்கை நனைக்கிற மாதிரி நின்னுக்கிட்டு, என் காலையே நனைச்சுக்கிட்டிருந்தேன். குழந்தைவேலு பம்பைத் தயாரா வச்சு, ஒவ்வொரு ஆளு கேட்டதும் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. அவ முறை வந்துச்சு. தூணு முன்னாடி போய் நின்னு, மூக்கை உறிஞ்சிக்கிட்டு, கோயில்ல பேசுற மாதிரி மெதுவா கேட்டா.

“பதினோரு வருஷத்துக்கு முந்தி, எங்க அம்மாவோட அம்மிக் குழவிய எடுத்தது நீதானே?”

“அம்மா, இந்தத் தூணுக்கு வயசே அஞ்சு—”னு ஆரம்பிச்ச ஹாஜா வாயை ஏட்டய்யா பொத்துனாரு.

தூணு விக்கல. நாலு நிமிஷம் ஆச்சு, விக்கல. எட்டு நிமிஷம் ஆச்சு, மூச்சுப் பேச்சு இல்ல. அடுப்புல முட்டை போட்டவங்க எல்லாம் எட்டிப் பார்த்தாங்க. அப்புறம் ஒரு சத்தம் எழும்புச்சு பாருங்க ரெண்டு கரைக்கும் கேக்குற மாதிரி, “நின்னுடுச்சு! நின்னுடுச்சு!” விசிலு, குலவை, ஹாஜா தம்பி குழந்தைவேலுவைத் தூக்கிக்கிட்டுச் சுத்துது. ஏட்டய்யா நோட்டை எடுத்து அம்மிக் குழவி ஒண்ணுன்னு எழுதிட்டாரு.

செங்கமலம் திரும்பி என்னைப் பார்த்தா. ஓஸ் பைப்பை இல்ல, என்னை.

“தையலு, இதுதான் எடுத்திருக்குடி. உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே! சூடம் அணைச்சியே, அப்பக்கூட நம்பாமப் போனேனே, பாவி. என்னை மன்னிச்சுடுடி.”

அவ அழுவுறா. ஊரே “அடடா”ங்குது. நான் செய்ய வேண்டியது ஒண்ணுமே இல்ல, வாயை மூடிக்கிட்டு நின்னாப் போதும். பதினோரு வருஷ பாரம் இறங்கிடும், அக்கா திரும்பக் கிடைச்சிடுவா, தூணுல கான்கிரீட்டை நிரப்பிடுவாங்க, குழவி நூறு வருஷத்துக்கு வெளியில வராது. அந்தத் தூணைப் பார்த்தேன். அசையாம நிக்குது. விக்கல் நின்னுடலங்க அதுக்கு, மூச்சை அடக்கிக்கிட்டு நிக்குது. அஞ்சு நாள் புள்ள, ஊருத் திருட்டெல்லாம் தலையில வாங்குனது போதாதுன்னு என் திருட்டையும் தொண்டையில வச்சுக்கிட்டு, காட்டிக் கொடுக்காம நிக்குது. நான் தண்ணி ஊத்துவேன்னு என்னை நம்பி நிக்குது. எனக்குத் தாங்கல.

“அக்கா!”ன்னு கத்துனேன். “அது எடுக்கலக்கா! நான்தான் எடுத்தேன்! நெல்லுக் குதிருல வச்சேன், பொய்ச் சூடம் அணைச்சேன், துவைக்கிற கல்லுல அரைச்சேன், பாலம் வந்தா நீ வந்துடுவேன்னு அது வாயில கொண்டுபோய்ப் போட்டேன்! அதை ஒண்ணும் சொல்லாதக்கா, அது குழந்தைக்கா!”

அப்ப எடுத்துச்சு பாருங்க ஒரு விக்கல். அதுக்கு முந்தி வந்ததெல்லாம் சும்மா. விக்க்க்! சாரம் ஆடிச்சு, பனமரத்துத் தார்ப்பாயி தானா இறங்கிடுச்சு, பைப்பு எந்திரிச்சு நின்னுச்சு, உள்ள ஏதோ ஒண்ணு கடகட கடகடன்னு ஒவ்வொரு வளைவுலயும் முட்டி மோதிக்கிட்டு ஒரு பர்லாங்கு தூரம் ஓடி வந்து, ணங்குன்னு வாய்த்தொட்டிக் கம்பி மேல விழுந்துச்சு. குழந்தைவேலு அதை எடுத்து, சட்டையில துடைச்சு, பேரைப் படிச்சிட்டு நிமிந்தாரு.

“ஏனுங்க, இங்க பொன்னம்மாள்ங்கிறது யாருங்க?”

செங்கமலம் போய் குழவிய வாங்குனா, முந்தானையால துடைச்சா, ரெண்டு கையாலயும் தூக்கிக்கிட்டு என்னைப் பார்த்து நடந்து வந்தா. மண்டையிலதான் போடப் போறான்னு நெனைச்சேன். போட்டாலும் வாங்கிக்கிறதுன்னு கண்ணை மூடிக்கிட்டேன்.

“ஏண்டி,”ன்னா, குரலு ஒரு மாதிரி இருந்துச்சு, “உள்ள போட்டா இப்படியெல்லாம் ஆகுமா?”

கண்ணைத் திறந்தேன். அவ என்னைப் பாக்கல, திரும்பி தென்கரையப் பாக்குறா, ஏழாம் தூணை.

“அந்த மூக்குத்தி ஆத்துல விழலடி, தையலு. நான்தான் எடுத்து வச்சுக்கிட்டேன். அம்மா மூக்குல அதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்ததும் நான்தானே, எனக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாமப் போயிடுச்சேன்னு ஒரு வயித்தெரிச்சல். அரிசிப் பானைக்குள்ளயே வச்சிருந்தேன். பாலம் வந்தா நீயும் பஸ் ஏறி வந்துடுவியே, வந்து பார்த்துடுவியேன்னு...”

அக்கரையில ஏழாம் தூணு, நேரம் காலம் பார்த்து, ஹச்சுன்னு ஒரு தும்மல் போட்டுச்சு. சாக்கு பறந்து போய் கரும்புக் கொல்லையில விழுந்துச்சு.

“நூறு,”ன்னாங்க தென்கரைக்காரங்க பழக்கத்துல.

அடிப்பாவி! அப்ப ஆரம்பிச்சேன் நான். என்னைச் சூடம் அணைக்க வச்சியேடி, மூக்குத்திய அரிசிப் பானையில வச்சுக்கிட்டு என் கையச் சுட வச்சியேடின்னு. அவ விட்டாளா? குழவித் திருடி, சோப்புக் குழம்புக்காரின்னு அவ. பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து, மூச்சு விடாம, ஓஸ் பைப்பு இல்லாம, நேருக்கு நேரா நின்னு திட்டிக்கிட்டோம். அதுக்குள்ள குழந்தைவேலு பம்பைத் தட்டிவிட்டாரு, தூணு கடகடன்னு குடிச்சுது, லாரி மேல லாரியா வந்து கொட்டிக்கிட்டே இருந்துச்சு. பொழுது சாயுறப்ப நாலாம் தூணு கழுத்து வரைக்கும் நிரம்பி நின்னுச்சு, நாங்க ரெண்டு பேரும் தொண்டை கட்டிப்போய், ஒரே சொம்புல தண்ணி குடிச்சுக்கிட்டு அதோட நிழல்ல உக்காந்திருந்தோம்.

சர்க்கரை போட்டதால அது இறுகப் பத்து நாளு ஆச்சு. அணைத் தண்ணி வந்து காலைத் தொடுறதுக்கு மொத நாள்தான் ஹாஜா தம்பி தட்டிப் பார்த்துட்டு, கல்லாயிடுச்சுன்னு சொல்லி அழுதுச்சு. இன்னைக்கும் நாலாம் தூணுல மட்டும் எறும்பு ஏறும். ஏட்டய்யா நோட்டுல அந்தக் கேசு இன்னும் முடியல. ஏழாம் தூணை உடைச்சு மூக்குத்திய எடுத்துத் தரட்டுமான்னு தம்பி பயந்துக்கிட்டே கேட்டுச்சு, வேணாம்னுட்டேன். அம்மா மூக்குல இருந்ததுக்கு அப்புறம் அது ஒரு நல்ல மூக்குலதான் இருக்கு.

பாலம் திறந்து மொத பஸ்ல அக்கா வந்து இறங்குனா, சொன்ன மாதிரியே மகராசியாட்டம், என் வாசல்ல. வீடு பூரா சோதனை போட்டா, எதுவும் கிடைக்காம எங்க வீட்டு ஊறுகாயை எடுத்துக்கிட்டா. குழவிய அவகிட்ட நீட்டுனேன். வாங்கிக்கல.

“உன்கிட்டயே இருக்கட்டும். அம்மியும் குழவியும் ஒரே வீட்டுல இருந்துச்சுன்னா, அப்புறம் யாரு யாரு வீட்டுக்குடி வருவா?”ன்னா.

அதனால இன்னைக்கும் நான் மீன் குழம்பு வைக்கணும்னா குழவியத் துணியில சுத்தி மடியில வச்சுக்கிட்டு, எட்டே முக்கால் பஸ்ஸு ஏறுறேன். கண்டக்டரு குழவிக்கு டிக்கெட்டு போடுறதில்ல. ஏழாம் தூணு மேல வண்டி ஏறுறப்ப அடியிலேர்ந்து ஒரு தும்மல் வரும், பஸ்ஸு ஒரு குலுங்கு குலுங்கும், மொத்தப் பேரும் “நூறு”ன்னு சொல்லிட்டு அவங்கவங்க பேச்சைத் தொடருவாங்க. நான் மட்டும் கொஞ்சம் சத்தமா சொல்லுவேன். இறங்குற இடத்துல அக்கா அம்மியக் கழுவி வச்சிட்டு நிப்பா, அவளுக்குக் கேக்கணும்.